168 டாலர் 40 சென்ட்: ஃபொலோலே முலியாங்கா வீட்டுல கரண்ட் கட் பண்ண அன்னைக்கு

2007 மே 29, செவ்வாய்க்கிழமை. நியூசிலாந்துல ஆக்லாந்துக்கு தெற்குப் பக்கம் மாங்கெரேன்னு ஒரு ஏரியா, பசிபிக் தீவுகள்ல இருந்து வந்து குடியேறுன குடும்பங்க நிறைய இருக்கற இடம். அங்க ஒரு வீட்டுக்கு காலைல ஒருத்தர் வந்தாரு, மெர்க்குரி எனர்ஜிங்கற மின் விற்பனை கம்பெனிக்காக வேலை செய்யற காண்ட்ராக்டர். பில் பாக்கி 168 டாலர் 40 சென்ட். நம்ம பேச்சுல சொல்லணும்னா ஃபியூஸ புடுங்க வந்தவரு. வந்த வேலைய முடிச்சிட்டு போயிட்டாரு. வீட்டுக்குள்ள ஃபொலோலே முலியாங்கா இருந்தாங்க, 44 வயசு, சமோவால பொறந்தவங்க, ஸ்கூல் டீச்சர், நாலு புள்ளைங்களுக்கு அம்மா. அவங்க மூக்குல ஒரு ட்யூப், ட்யூப்போட மறுமுனைல ஒரு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், அதோட பிளக் சுவத்துல. கரண்ட் போனதும் மிஷின் நின்னுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல அவங்க இறந்துட்டாங்க. பசங்க பக்கத்துல உக்காந்து சர்ச் பாட்டு பாடிட்டு இருந்தாங்கன்னு அப்போ செய்தில வந்துச்சு, அந்த வரிய படிச்சிட்டு அன்னைக்கு எனக்கு வேற எதுவும் ஓடல.

இந்த கேஸ நான் பல வருஷமா திரும்பத் திரும்ப படிச்சிட்டு இருக்கேன். எங்க அப்பா கடைசி ஒன்றரை வருஷம் இதே மாதிரி ஒரு மிஷின்லதான் இருந்தாரு, அது விடற சத்தம் இன்னும் காதுல இருக்கு, புஸ்ஸுன்னு ஒண்ணு, ஒரு சின்ன இடைவெளி, திரும்ப புஸ்ஸு. ராத்திரி தூக்கத்துல அந்த சத்தம் நின்னா முழிப்பு வந்துரும். அதனால இதை சட்டம் படிச்சவங்க எழுதற மாதிரி என்னால எழுத முடியாது, ஆனா தகவல் எல்லாம் சரியா இருக்கணும்னு பாத்து பாத்து எழுதறேன்.

முதல்ல அந்த மிஷின் என்ன செய்யுதுன்னு புரிஞ்சாதான் மீதி எல்லாம் புரியும். சிலிண்டர்னா உள்ள ஆக்சிஜன அடைச்சு வெச்சிருக்கும், கரண்ட் இருந்தாலும் இல்லாட்டியும் அது பாட்டுக்கு வரும். கான்சன்ட்ரேட்டர்ல எதையும் அடைச்சு வெக்கல. ரூம்ல இருக்கற காத்த இழுக்குது, அதுல 21 சதவீதம் ஆக்சிஜன், 78 சதவீதம் நைட்ரஜன். அந்த காத்த கம்ப்ரஸர் அழுத்தி ஜியோலைட்டுங்கற சின்னச் சின்ன குருணை நிரப்புன ஒரு குழாய்க்குள்ள தள்ளுது, நைட்ரஜன் அந்த குருணைல ஒட்டிக்குது, ஆக்சிஜன் மட்டும் தாண்டி வருது. ஒரு குழாய் நைட்ரஜன புடிக்கறப்போ இன்னொண்ணு தான் புடிச்சத வெளிய விட்டு காலியாகுது, அந்த மாத்தி மாத்தி நடக்கறதுதான் புஸ்ஸு சத்தம். வெளிய வர்ற காத்துல 90ல இருந்து 95 சதவீதம் ஆக்சிஜன். எல்லாமே அந்தந்த நொடில தயாராகறது, கையிருப்புன்னு சொல்லிக்க ஒண்ணும் கிடையாது. கரண்ட் போச்சுன்னா கொஞ்ச நேரத்துல ட்யூப்ல ஒண்ணும் வராது, ஒரு அலாரம் கத்தும், அவ்ளோதான்.

இன்னொரு விஷயத்த யாரும் சரியா பேசறதில்ல. வீட்டுல வெக்கிற சாதாரண மாடல் 300, 350 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடுச்சுன்னாலே மாசத்துக்கு சுமாரா 150 யூனிட் அது மட்டும் தின்னும். இதோட குளிருக்கு ஹீட்டர், ஏன்னா மே கடைசின்னா நியூசிலாந்துல குளிர்காலம் வாசல்ல நிக்கற நேரம். ஆள் உடம்பு முடியாம வேலைக்கு போகாம இருப்பாங்க, வருமானம் கொறஞ்சிருக்கும், பில்லு மட்டும் ஏறும். அதாவது மூச்சு விட உதவற மிஷினே பில்ல ஏத்தி, அந்த பில்லே மிஷின நிறுத்த ஆள் அனுப்புது. இங்கிலாந்துல வீட்டுல ஆக்சிஜன் எடுக்கறவங்களுக்கு கான்சன்ட்ரேட்டர் ஓடற கரண்ட் செலவ திருப்பி குடுக்கற ஏற்பாடு இருக்கு. அது ஏதோ சலுகைன்னு நெனைக்கறவங்க இந்த கணக்க ஒரு தடவ போட்டுப் பாக்கணும். முலியாங்கா குடும்பம் பில்ல கண்டுக்காம விட்ட குடும்பமும் இல்ல, அந்த மாசமே கொஞ்சம் கொஞ்சமா பணம் கட்டியிருந்தாங்க. முழுசா கட்ட முடியல, அதுதான் விஷயம்.

அன்னைக்கு வாசல்ல என்ன பேச்சு நடந்துச்சுங்கறதுல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சொல்லல. காண்ட்ராக்டர் உள்ள வந்தாரு, ட்யூப்ப பாத்தாரு, அவங்க கெஞ்சுனாங்கன்னு குடும்பம் சொல்லிச்சு. இந்த வீட்டுல ஒருத்தர் மிஷின நம்பி இருக்காங்கன்னு எங்களுக்கு யாரும் சொல்லலன்னு கம்பெனி சொல்லிச்சு. போலீஸ் விசாரிச்சாங்க, கடைசில யார் மேலயும் கிரிமினல் கேஸ் போடல. மெர்க்குரி எனர்ஜி அப்போ மைட்டி ரிவர் பவர்ங்கற அரசு கம்பெனியோட ஒரு பிரிவு, அதனால இது தனியார் லாபவெறின்னு சொல்லிட்டு போகவும் வழி இல்ல, அரசாங்கத்துக்கு சொந்தமான கம்பெனி. பிரதமர் ஹெலன் கிளார்க் பதில் சொல்ல வேண்டிய அளவுக்கு விஷயம் பெருசாச்சு, உலகம் பூரா செய்தி போச்சு.

ஜனங்க அப்போ பேசுனதுல ரெண்டு வகை இருந்துச்சு. ஒரு கூட்டம் அந்த காண்ட்ராக்டர கொலைகாரன்னு திட்டுச்சு. இன்னொரு கூட்டம் குடும்பத்த திட்டுச்சு, ஏன் உடனே ஆம்புலன்ஸ் கூப்பிடல, ஏன் ஹாஸ்பிடலுக்கு போகல, ஏன் முன்னாடியே கம்பெனிக்கு சொல்லலன்னு. எனக்கு ரெண்டாவது கூட்டத்து மேல அப்பவும் கோவம், இப்பவும் கோவம். மூச்சு வாங்கிட்டு இருக்கற ஒரு மனுஷி, பயந்து போன பசங்க, வாசல்ல வேலைய முடிச்சிட்டு கெளம்பற ஒரு ஆளு, இந்த நிலைமைல சட்டப்படி நமக்கு என்ன உரிமை இருக்கு, யாருக்கு போன் பண்ணா திரும்ப கனெக்ஷன் குடுப்பாங்கன்னு நிதானமா யோசிக்கணும்னு எதிர்பாக்கறது என்ன நியாயம்? எங்க அப்பாவுக்கு ஆக்சிஜன் லெவல் கொறையறப்போ அவரு என்ன சொல்றாருன்னே எங்களுக்கு புரியாது, குழம்பி பேசுவாரு, ஒண்ணும் இல்ல ஒண்ணும் இல்லன்னு கைய ஆட்டுவாரு. ஆக்சிஜன் கொறைஞ்ச மூளை தனக்கு ஆபத்துன்னு சரியா சொல்லாது. அந்த நோயாளி வாய் தொறந்து சொன்னாதான் பாதுகாப்புன்னு ஒரு முறைய வெச்சா அது முக்காவாசி நேரம் வேலை செய்யாது.

இப்ப கோரொனர் தீர்ப்புக்கு வரேன், திடீர் மரணங்கள விசாரிச்சு காரணம் சொல்ற அதிகாரி. கார்டன் மடெங்கான்னு பேரு, 2008ல முடிவு சொன்னாரு. ரொம்ப அதிகமான உடல் எடையால வந்த பாதிப்புல இதயத் துடிப்பு தாறுமாறாகி இறந்தாங்க, இயற்கையான காரணம்தான், ஆனா கரண்ட் கட் பண்ணதும் அதனால வந்த மன அழுத்தமும் சாவுக்கு ஒரு பங்கு காரணம். இந்த முடிவ ரெண்டு பக்கமும் அவங்கவங்களுக்கு வேணும்ங்கற பாதிய மட்டும் எடுத்துக்கிட்டாங்க, இயற்கையான காரணம்னு ஒரு பக்கம், கரண்ட் கட்தான் காரணம்னு இன்னொரு பக்கம். நான் ரெண்டையும் சேத்துதான் படிக்கறேன். அவங்களுக்கு இதயமும் நுரையீரலும் ஏற்கனவே ரொம்ப மோசமா இருந்துச்சு, அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. அவ்ளோ மோசமா இருந்ததாலதான் ஒரு சின்ன தட்டு கூட தாங்கல. வீட்டுல மிஷின் வெச்சிருக்கறவங்க எல்லாருமே இந்த நிலைமைல இருக்கறவங்கதான், நல்ல திடமா இருக்கறவங்களுக்கு யாரும் கான்சன்ட்ரேட்டர் எழுதிக் குடுக்கறதில்ல.

விசாரணை நேரத்துல ஓடுன பெரிய வாதம் ஒண்ணு இருக்கு: இது உயிர்காக்கும் கருவியா, இல்ல உடம்புக்கு கொஞ்சம் வசதியா இருக்க குடுத்த மிஷினா? கேக்கறப்போ நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். வீட்டு ஆக்சிஜன் வைத்தியம் பொதுவா ஒரு நாளைக்கு குறைஞ்சது 15 மணி நேரம்னு குடுப்பாங்க, அப்போ மீதி 9 மணி நேரம் மிஷின் இல்லாமலும் இருக்கலாம்தானே, அப்புறம் எப்படி ரெண்டு மணி நேரத்துல ஆபத்துன்னு கேப்பாங்க. ஆனா 15 மணி நேரம்ங்கறது சராசரி நோயாளிக்கு, அமைதியா இருக்கற ஒரு நாளுக்கு போட்ட கணக்கு. வாசல்ல ஆள் வந்து நின்னு, அவமானத்துல நெஞ்சு படபடன்னு அடிச்சு, வீடு இருட்டாகி, பசங்க அழுதுட்டு இருக்கற நாளுக்கு அந்த கணக்கு செல்லாது, பயந்தா உடம்புக்கு ஆக்சிஜன் இன்னும் அதிகமா வேணும். ஒரே மாடல் மிஷின் ஒருத்தருக்கு வசதி, இன்னொருத்தருக்கு உயிர், அதே ஆளுக்கே திங்கக்கிழமை வசதியா இருந்தது செவ்வாய்க்கிழமை உயிரா மாறலாம். இத டாக்டர் ரூம்ல ஒரு மணி நேரம் உக்காந்து பேசியே முடிவு பண்றது கஷ்டம், வாசப்படில நிக்கற ஒரு மின் காண்ட்ராக்டர் கண்ணால பாத்து முடிவு பண்ணணும்னு விட்டது அந்த மனுஷனுக்கும் அநியாயம்.

என்னோட பார்வைல இந்த கேஸோட மையம் வேற எடத்துல இருக்கு. அந்த வீட்டுல கான்சன்ட்ரேட்டர் இருக்குங்கற தகவல் அரசாங்க ஆஸ்பத்திரி ஃபைல்ல இருந்துச்சு, ஏன்னா மிஷின குடுத்து வீட்டுக்கு அனுப்புனதே அவங்கதான். அந்த வீட்டுக்கு பில் பாக்கிங்கற தகவல் அரசாங்க மின் கம்பெனி கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. ரெண்டு தகவலும் ஒரே ஊருக்குள்ள, ரெண்டு அலுவலகத்துல. ஒண்ண ஒண்ணு சந்திக்கவே இல்ல. சந்திக்க வெக்க வேண்டிய பொறுப்பு யாருக்குன்னு பாத்தா, ரெண்டு அலுவலகத்துக்கும் இல்ல, மூச்சு விடவே கஷ்டப்பட்டுட்டு இருந்த அந்த அம்மாவுக்கு. அவங்க போன் போட்டு, வரிசைல காத்திருந்து, வெளிநாட்டு பாஷைல தன் நோய விளக்கி சொல்லியிருக்கணும். பலசாலிங்க ரெண்டு பேருக்கும் இல்லாத வேலைய இருக்கறதுலயே பலவீனமான ஆள் தலைல கட்டுன ஏற்பாடு இது.

நோயாளி ஒரு பக்கம், பில்லு யார் பேர்ல இருக்குங்கறது இன்னொரு பக்கம், இதையும் சேத்து யோசிங்க. பெரும்பாலும் பில் புருஷன் பேர்ல, மகன் பேர்ல, சில சமயம் வீட்டு ஓனர் பேர்ல இருக்கும். கம்பெனி கம்ப்யூட்டர்ல கஸ்டமர்னு தெரியறது பணம் கட்டற ஆளு, ட்யூப் போட்டிருக்கறது வேற ஆளு. அதனால மிஷின நம்பி இருக்கறவங்க லிஸ்ட், ரெஜிஸ்டர்னு ஒண்ணு வெச்சா அது ஆள வெச்சு இருக்கக் கூடாது, மீட்டர வெச்சு, வீட்ட வெச்சு இருக்கணும். இந்த வீட்டுல இப்படி ஒருத்தர் வசிக்கறாங்கன்னு மீட்டர் நம்பரோட ஒட்டிக்கிட்டு இருக்கணும்.

அந்த சாவுக்கு அப்புறம் என்ன மாறுச்சு? சில வாரத்துலயே நியூசிலாந்து மின்சார ஆணையம் புது வழிகாட்டி போட்டுச்சு, வருமானம் கம்மியா இருக்கறவங்கள எப்படி நடத்தணும், மிஷின நம்பி இருக்கறவங்கள எப்படி நடத்தணும்னு. மருத்துவ ரீதியா மின்சாரத்த சார்ந்திருக்கற நுகர்வோர்னு ஒரு தனி வகை உருவாச்சு, அப்படி ஒருத்தர் இருக்கற வீட்டுல பில் கட்டலங்கற காரணத்துக்காக கரண்ட் கட் பண்ணக் கூடாது. மிஷின் குடுக்கற மருத்துவ தரப்பு நோயாளிகிட்ட இத எடுத்து சொல்லணும், கம்பெனிக்கு தெரியப்படுத்த உதவணும்னும் வந்துச்சு. நல்ல விஷயந்தான். ஆனா அது வழிகாட்டி. சட்டம் கிடையாது. கம்பெனி பின்பற்றணும்னு எதிர்பாப்பாங்க, பின்பற்றலன்னா நேரடியா தண்டிக்க முடியாது. 2021ல அதையெல்லாம் ஒழுங்குபடுத்தி நுகர்வோர் பராமரிப்பு வழிகாட்டின்னு புதுசா கொண்டு வந்தாங்க, அதுவும் விருப்பப்பட்டா பின்பற்றற வகைதான். கடைசில 2025 ஜனவரி 1ல இருந்துதான் அது கட்டாய விதியா மாறுச்சு. 2007 மே மாசத்துல இருந்து கணக்கு போட்டா பதினேழரை வருஷம். ஒரு சாவு நடந்து, நாடே தலைகுனிஞ்சு, எல்லாரும் இனிமே நடக்கக் கூடாதுன்னு சொன்ன பிறகு, அத கட்டாயம்னு எழுத பதினேழரை வருஷம் ஆச்சு. அவங்களோட சின்ன புள்ளைங்க பெரியவங்களாகி இருப்பாங்க அந்த நேரத்துல.

இந்த பதினேழு வருஷத்துல நடந்த இன்னொரு மாற்றத்த சொல்லியே ஆகணும், இது ரொம்ப முக்கியம்னு நான் நெனைக்கறேன். 2007ல கரண்ட் கட் பண்ண ஒரு மனுஷன் வண்டி எடுத்துட்டு வீட்டுக்கு வந்து நிக்க வேண்டியிருந்துச்சு. அந்த அம்மாவ காப்பாத்த அது போதல, சரி, ஆனா ஒரு வாய்ப்பாவது இருந்துச்சு, ஒரு ஜோடி கண்ணு அந்த வீட்டு வாசல் வரைக்கும் வந்துச்சு. இப்ப நியூசிலாந்துல பெரும்பாலான வீட்டுல ஸ்மார்ட் மீட்டர். ஆபீஸ்ல உக்காந்து ஒரு கமாண்ட் அனுப்புனா போதும், தூரத்துல ஒரு ரிலே டக்குன்னு தொறக்கும், கரண்ட் போயிரும். ட்யூப்ப பாக்க அங்க யாரும் இருக்க மாட்டாங்க. வாசப்படில இருந்த அந்த கடைசி சோதனை இப்ப இல்லாததால, லிஸ்டுல பேர் சரியா இருக்கணும்ங்கறது பல மடங்கு முக்கியமாயிடுச்சு. லிஸ்டுல இல்லாத நோயாளி கம்பெனி கண்ணுக்கு இல்லவே இல்ல.

இது ஏதோ ஒரு நாட்டுல ஒரு தடவ நடந்ததுன்னு நெனைச்சிரக் கூடாது. 2018 ஜூலை 5, அமெரிக்காவுல நியூ ஜெர்சி மாநிலம், நியூவார்க். லிண்டா டேனியல்ஸ், 68 வயசு, இதய செயலிழப்பு, ஆக்சிஜன்ல இருந்தவங்க, வெயில் கொளுத்துன நாள்ல பில் பாக்கின்னு கரண்ட் கட் பண்ணாங்க, இறந்துட்டாங்க. ரெண்டு நாள் முன்னாடிதான் 500 டாலர் கட்டுனோம்னு குடும்பம் சொல்லிச்சு, பாக்கி பல மாசமா இருந்துச்சுன்னு கம்பெனி சொல்லிச்சு. மாங்கெரேல நடந்து 11 வருஷம் கழிச்சு, அதே மிஷின், அதே பில்லு, அதே எங்களுக்கு தெரியாதுங்கற பதில். அங்க 2019லயே சட்டம் வந்துருச்சு, லிண்டாவோட சட்டம்னே பேரு. அதுல எனக்கு புடிச்ச விஷயம் என்னன்னா, உங்க வீட்டுல உயிர்காக்கும் மிஷின் இருக்கான்னு கம்பெனியே கஸ்டமர்கள கேக்கணும். நோயாளி தேடி வந்து சொல்ற வரைக்கும் கம்பெனி காத்திருக்க முடியாது. மிஷின் இருக்கற வீடுன்னா பணம் கட்டலன்னாலும் 90 நாள் அவகாசம். 90 நாள் போதுமான்னு கேட்டா போதாதுன்னுதான் சொல்லுவேன், நாள்பட்ட நோய் 90 நாள்ல சரியாகறதில்ல. ஆனா கேக்கற கடமைய இடம் மாத்துனாங்க பாருங்க, அது சரியான எடத்துல வெச்ச கை.

ஆஸ்திரேலியா விதிகள் இன்னொரு விதத்துல நல்லா யோசிச்சது. அங்க தேசிய எரிசக்தி சில்லறை விதிகள்ல எந்தெந்த மிஷின்னு பட்டியலே இருக்கு: ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், ரெண்டு வகை டயாலிசிஸ் மிஷின், மூச்சுக்குழாய்ல காத்தழுத்தம் குடுக்கற மிஷின், வென்டிலேட்டர், க்ரிக்லர் நஜ்ஜார்ங்கற அபூர்வ கல்லீரல் நோய்க்கான ஒளி சிகிச்சை கருவி. இதுல இல்லாத வேற மிஷின்னாலும் டாக்டர் சான்று குடுத்தா சேத்துக்கலாம். மிஷின் இதுவா அதுவான்னு வாசல்ல வாதம் பண்ண வேண்டிய வேலை இல்ல. 2019 பிப்ரவரி 1ல இருந்து வந்த மாற்றத்துல இன்னொண்ணு: கஸ்டமர் வாயால சொன்ன நாள்ல இருந்தே பாதுகாப்பு ஆரம்பிச்சிரும், டாக்டர் படிவத்த குடுக்க 50 வேலை நாள் டைம், நடுவுல நினைவூட்டல் அனுப்பணும். முன்கூட்டியே திட்டமிட்ட மின்தடைன்னா குறைஞ்சது 4 வேலை நாளுக்கு முன்னாடி எழுத்துல சொல்லணும். விக்டோரியா மாநிலம் மட்டும் தனி விதி வெச்சிருக்கு, ஆனா அடிப்படை அதேதான்.

இப்படி வாயால சொன்னாலே சேத்துக்கறதுனால பொய் சொல்லி சேர்றவங்க வருவாங்க, வீடு மாறி போனவங்க பேரு அப்படியே கெடக்கும், லிஸ்ட் வீங்கிரும்னு கம்பெனிக்காரங்க பொலம்புவாங்க. உண்மைதான், வீங்கும். ஆனா தப்பா சேந்த ஒரு பேரால கம்பெனிக்கு கொஞ்சம் பாக்கி நிக்கும். விட்டுப்போன ஒரு பேருக்கு என்ன விலைன்னு மாங்கெரேல பாத்தாச்சு. ரெண்டையும் ஒரே தராசுல வெக்கற ஆளுகிட்ட எனக்கு பேச ஒண்ணும் இல்ல.

சரி, பில்லுக்காக கட் பண்ண மாட்டாங்கன்னு ஆயிருச்சு, அதோட முடிஞ்சுதான்னா இல்ல, இங்கதான் நிறைய குடும்பம் ஏமாந்து போகுது. லிஸ்டுல பேர் இருந்தா கரண்ட் போகவே போகாதுன்னு நெனைக்கறாங்க. புயலுக்கு லிஸ்ட் தெரியாது. 2023 பிப்ரவரில கேப்ரியல் சூறாவளி வந்தப்போ நியூசிலாந்துல ரெண்டு லட்சத்துக்கு மேல வீடுகள்ல கரண்ட் இல்ல. அதனாலதான் அங்க ரெஜிஸ்டர் பண்றப்பவே அவசரத் திட்டம் ஒண்ணு வெச்சுக்கங்கன்னு சொல்றாங்க, எத்தன நேரம் சமாளிக்க முடியும், அதுக்கப்புறம் எங்க போறது, யார் கூட்டிட்டு போவாங்கன்னு எழுதி வெக்கறது.

அந்த திட்டத்துக்கு கணக்கு தேவை. 680 லிட்டர் வாயு இருக்கற ஒரு சிலிண்டர், நிமிஷத்துக்கு 2 லிட்டர் எடுக்கற நோயாளின்னா 340 நிமிஷம், அஞ்சரை மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. 4 லிட்டர் எடுக்கறவங்கன்னா அதுல பாதி. ராத்திரி பத்து மணிக்கு கரண்ட் போனா விடியற வரைக்கும் ஒரு சிலிண்டர் தாங்காது. கம்ப்யூட்டருக்கு வெக்கற சின்ன யூபிஎஸ் வாங்கி வெச்சிட்டா போதும்னு நானும் ஒரு காலத்துல நெனைச்சேன், 350 வாட் மிஷின் 8 மணி நேரம் ஓட கிட்டத்தட்ட 3 யூனிட் பேட்டரில இருக்கணும், அந்த சின்ன பெட்டி சில நிமிஷத்துல படுத்துரும். டயாலிசிஸ் வீட்டுல பண்றவங்க கதை வேற, சிகிச்சை நடுவுல கரண்ட் போனா மிஷின்ல சுத்திட்டு இருக்கற கால் லிட்டர் பக்கம் ரத்தம் உறையறதுக்குள்ள கையால பம்ப்ப சுத்தி உடம்புக்குள்ள திருப்பி அனுப்பணும், அத வீட்டு ஆளுங்க முன்னாடியே பழகி இருக்கணும். டயாலிசிஸுக்கு தண்ணியும் வேணும், மோட்டார் பம்ப் வெச்ச வீடுன்னா கரண்ட் போனா தண்ணியும் போச்சு.

போன் விஷயம் தனியா சொல்றேன். பழைய செம்பு வயர் லேண்ட்லைன்ல போன் லைன்லயே கரண்ட் வரும், வீட்டுல கரண்ட் இல்லாட்டியும் வேலை செய்யும். ஃபைபர் கேபிள் வந்ததுக்கப்புறம் வீட்டுல வெக்கற போன் பெட்டிக்கு வீட்டு கரண்ட்தான், அது போனா போனும் போச்சு. ஆக்சிஜனும் ஆம்புலன்ஸ கூப்பிடற வழியும் ஒரே நொடில நிக்கும். நியூசிலாந்துல வணிக ஆணையம் இதுக்குன்னே 111 தொடர்பு விதின்னு கொண்டு வந்துச்சு, 2021 பிப்ரவரில இருந்து நடைமுறைல இருக்கு, வேற வழி இல்லாத பலவீனமான கஸ்டமருக்கு கரண்ட் போனாலும் குறைஞ்சது 8 மணி நேரம் அவசர எண் 111க்கு பேசற மாதிரி ஒரு சாதனத்த போன் கம்பெனி இலவசமா குடுக்கணும். இதுக்கும் நாமதான் விண்ணப்பிக்கணும்ங்கறது எனக்கு உறுத்துது, ஆனா இருக்கறத கேட்டு வாங்கிக்கங்க.

வீட்டுல இப்படி மிஷின் வெச்சிருக்கறவங்க, எந்த நாட்டுல இருந்தாலும், இந்த கேஸ்ல இருந்து உடனே எடுத்துக்க வேண்டியது சிலது இருக்கு. மின் கம்பெனிக்கு போன்ல சொன்னா மட்டும் பத்தாது, சேத்துட்டோம்னு எழுத்துல வாங்குங்க, தேதியோட. கம்பெனி மாறுனா, வீடு மாறுனா, திரும்ப முதல்ல இருந்து சொல்லுங்க, பழைய பதிவு தானா பின்னாடியே வரும்னு நம்பாதீங்க. பில் யார் பேர்ல இருந்தாலும் நோயாளி இந்த விலாசத்துல இருக்காங்கன்னு தெளிவா எழுத வைங்க. அந்த கடிதத்த ஒரு காப்பி எடுத்து மீட்டர் பெட்டி மேலயே ஒட்டுங்க, வாசலுக்கு வர்ற ஆளு படிக்கற எழுத்துல. மிஷின் அலாரம் எப்படி கத்தும்னு ஒரு தடவ பிளக்க புடுங்கி, சிலிண்டர் பக்கத்துல வெச்சுக்கிட்டு, வீட்டுல இருக்கற எல்லாருக்கும் கேக்க வைங்க, சின்ன பசங்களுக்கும்.

எங்க வீட்டுக்கு மாசா மாசம் ஃபில்டர் பாக்க மிஷின் குடுத்த எடத்துல இருந்து ஒருத்தர் வருவாரு. தன்மையான மனுஷன், அப்பாகிட்ட பத்து நிமிஷம் உக்காந்து பேசிட்டுதான் போவாரு, ஆக்சிஜன் சதவீதம் அளந்து ஒரு நோட்டுல எழுதுவாரு. ஒன்றரை வருஷத்துல ஒரு தடவ கூட கரண்ட் பில் யார் பேர்ல இருக்குன்னு அவரு கேட்டதில்ல, அந்த நோட்டுல அதுக்கு ஒரு கட்டமும் இல்ல. பில் எங்க அண்ணன் பேர்ல இருந்துச்சு. மீட்டர் பாக்க வர்றவருக்கு உள் ரூம்ல ஒருத்தர் படுத்திருக்காருன்னே தெரியாது. ரெண்டு பேரும் ஒரே நாள்ல கூட வந்திருக்காங்க, ஒருத்தர் கேட்ட தாண்டி உள்ள வந்தாரு, இன்னொருத்தர் கேட்டுக்கு வெளியவே நின்னு எழுதிட்டு போனாரு.